ஹொசே கொன்சாலெஸின் நைலான் தந்திகள்

பழைய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு ஓர் இசைத்தொகுப்பை அனுப்பி, கூடவே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "ஐயா, தூக்கம் வராத இரவில் கேளுங்கள்." அது நம் தந்தையார் மறைந்த ஆண்டு. தூக்கம் வராத இரவுகளுக்கு அப்போது பஞ்சமில்லை. ஆகவே மருத்துவர் தந்த மாத்திரையை வாங்கிக்கொள்வதுபோல் அதை வாங்கிக்கொண்டோம். விளக்கை அணைத்துவிட்டுக் காதுக்கருவியைப் பொருத்திக்கொண்டால், ஒரு கிட்டாரும் தாழ்ந்த குரலில் ஓர் ஆணும். மூன்றாவது பாட்டிலோ நான்காவது பாட்டிலோ நாம் உறங்கிப்போயிருப்போம். ஏறத்தாழ ஆறு மாதம் இப்படியே கழிந்தது. யார் பாடுகிறார், என்ன பாடுகிறார் என்று ஒருமுறையும் விசாரிக்கவில்லை. மாத்திரையிடம் யாரும் பெயர் கேட்பதில்லை.

பிறகொரு நாள், பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து திரும்பிய பகல்நேரப் பேருந்துப் பயணத்தில், வேறெதுவும் செய்யத் தோன்றாமல் அதே தொகுப்பைக் கேட்கத் தொடங்கினோம். வெயில், புழுதி, பக்கத்து இருக்கைக்காரரின் தொலைபேசிப் பேச்சு. உறங்க வழியே இல்லை. நான்காவது பாட்டு தாண்டி ஐந்தாவது வந்தது. ஆறும் ஏழும் வந்தன. கடைசிப் பாட்டின் நடுவே திடீரென்று ஒரு ட்ரம்பெட் எழுந்தது. நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஆறு மாதமாக அன்றாடம் 'கேட்டுக்கொண்டிருந்த' ஒரு தொகுப்பில் அப்படியொரு கருவி இருப்பதே நமக்குத் தெரியாது! அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும் பதினொரு பாடல்கள். அவற்றில் முக்கால் பங்கை நாம் கேட்டதே இல்லை.

இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் பிறந்தது.

தொகுப்பின் பெயர் 'வெனீர்'. பாடகர் ஹொசே கொன்சாலெஸ். ஸ்பானிய உலகில் நம்மூர் முருகேசனைப்போலத் தெருவுக்கொருவர் இருக்கக்கூடிய பெயர் அது. தேடப் புகுந்தால் விளையாட்டு வீரர்களும் அரசியல்வாதிகளும் முன்னே வந்து நிற்பார்கள். நாம் சொல்லும் ஹொசே கொன்சாலெஸ் 1978இல் ஸ்வீடனின் மேற்குக் கரையிலுள்ள கோதன்பர்க் நகரில் பிறந்தவர். பெற்றோர் அர்ஜெண்டினாக்காரர்கள். 1976 மார்ச் மாதம் அங்கே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்த ஏழாண்டுகளில் 30,000 பேர் காணாமல் ஆக்கப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. அந்த ஆட்சியிலிருந்து தப்பி வெளியேறிய குடும்பங்களுள் ஒன்று இவருடையது. வீட்டில் ஸ்பானியமும் கியூபப் பாடகர் சில்வியோ ரொத்ரிகெஸின் பாடல்களும். வாசலைத் தாண்டினால் ஸ்வீடிய மொழியும் குளிரும்.

இந்த மென்குரல்காரர் பதின்ம வயதில் வாசித்தது ஹார்ட்கோர் பங்க் இசை. கத்தலும் வேகமும் கோபமுமான அந்த இசையில் இவர் பேஸ் கிட்டார்க்காரர். பிறகு கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்து, முனைவர் பட்ட ஆய்விலும் சேர்ந்தார். 2003இல் 'வெனீர்' ஸ்வீடனில் வெளியானபோது அவர் ஆய்வு மாணவர்தான். இசை அவரை இழுத்துக்கொண்டது. ஆய்வு பாதியில் நின்றது. ஆய்வேட்டை முடிக்காத மாணவர்கள்மீது நமக்கு இயல்பாகவே வரும் எரிச்சல் இவர் விஷயத்தில் மட்டும் வருவதில்லை.

உலகம் அவரை அறிந்தது ஒரு விளம்பரத்தால். 2005இல் சோனி நிறுவனம் தன் தொலைக்காட்சிப் பெட்டிக்காக ஒரு விளம்பரம் எடுத்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் செங்குத்தான தெருக்களில் மேலிருந்து கொட்டிவிடப்பட்ட வண்ணப் பந்துகள் துள்ளித் துள்ளி இறங்கும். கணினி வரைகலை இல்லை; மெய்யான பந்துகள், லட்சத்துக்கு மேல். அந்தக் காட்சியின் அடியில் ஓடியது 'ஹார்ட்பீட்ஸ்' என்ற பாட்டு. அந்தப் பாட்டு இவருடையதன்று. 'த நைஃப்' என்ற பெயரில் இயங்கிய ஸ்வீடிய அக்காள் தம்பி இரட்டையர் இயற்றி வெளியிட்டது. முற்றிலும் மின்னணு ஒலிகளால் ஆன நடனப்பாட்டு அது. கொன்சாலெஸ் அதன் மெட்டையும் சொல்லையும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் களைந்தார். தாளக்கருவி போயிற்று, மின்னொலி போயிற்று, ஆட்டம் போயிற்று. எஞ்சியது ஒரு நைலான் தந்திக் கிட்டாரும், எதையோ நினைவுகூரும் ஒரு மனிதனும்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்படி வாசகரை வற்புறுத்துவோம். இலக்கியம் பயின்றவர்களுக்கு மொழிபெயர்ப்பு பற்றி இது கற்றுத்தருவது கொஞ்சமன்று. மூலத்தின் ஒவ்வோர் அணியையும் சுமந்து வரத் துடிக்கும் மொழிபெயர்ப்பாளர்களை நாம் அறிவோம். இவர் வேறு சாதி. மூலத்துக்குள் மறைந்துகிடக்கும் எலும்பைத் தேடி எடுப்பவர். மாஸிவ் அட்டாக் குழுவின் 'டியர்டிராப்', ஜாய் டிவிஷன் குழுவின் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்', கைலி மினோக் பாடிய 'ஹேண்ட் ஆன் யுவர் ஹார்ட்' ஆகிய மூன்றையும் இவர் இவ்வாறே மறுஆக்கம் செய்திருக்கிறார். கடைசியது 1989இன் துள்ளல் பாட்டு. விருந்துகளில் ஆடுவதற்கென்றே பிறந்தது. இவர் கையில் அது, பிரியப்போகும் ஒருவரைப் பார்த்துத் தனியறையில் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வியாகிவிடுகிறது. அந்தச் சொற்களில் அவ்வளவு துக்கம் இருந்தது என்பது ஆடியவர்களுக்குத் தெரிந்திருக்குமா?

இனி அந்தக் கை. கிட்டாரின் இலக்கணம் முறையாகப் பயின்றவர்கள் அல்லோம் நாம். கேட்பவரின் காதைக்கொண்டே பேசுகிறோம். எஃகுத் தந்திக் கிட்டாரில் ஒரு கூர்மையும் பளபளப்பும் உண்டு. அமெரிக்க நாட்டார் பாடகர்கள் பெரும்பாலும் அதைத்தான் மீட்டுவார்கள். கொன்சாலெஸ் மீட்டுவது செவ்வியல் கிட்டார். அதன் நைலான் தந்திகளின் ஒலி சற்று மொத்தையானது. விரல்நுனியின் தசை அதில் கேட்கும். பல பாடல்களில் தந்திகளின் வழக்கமான சுருதியையே மாற்றிக்கொள்கிறார். அதனால் கீழ்த்தந்திகள் எதையும் அழுத்தாமல் திறந்தபடியே ஒலித்துக்கொண்டிருக்கும். வலக்கைக் கட்டைவிரல் அந்தத் தந்திகளில் ஒரு துடிப்பை இடைவிடாது வைத்துக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேல்தந்திகளில் சிறு சிறு பின்னல்களைப் போடுகின்றன.

வீணையை அருகிலிருந்து கேட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். நான்கு வாசிப்புத் தந்திகளுக்குப் பக்கவாட்டில் மூன்று தாளத்தந்திகள் உண்டல்லவா? அவற்றைச் சுண்டுவிரல் மீட்டிக்கொண்டிருக்கும். சுருதியும் அதுவே, தாளமும் அதுவே. வீணையில் சுண்டுவிரல் செய்வதை இங்கே கட்டைவிரல் செய்கிறது. பிரேசிலின் போசா நோவா இசையிலும் இந்தக் கட்டைவிரல் மரபு உண்டு. ஜுவாவ் ஜில்பெர்ட்டோவின் கிட்டாரில் அது சாம்பா முரசின் வேலையைச் செய்வதாகச் சொல்வார்கள். கொன்சாலெஸ் அதைக் கேட்டு வளர்ந்தவர். ஆனால் ஜில்பெர்ட்டோவின் கட்டைவிரலில் உள்ள சோம்பலான இனிமை இவரிடத்தில் இல்லை. இங்கே அது பிடிவாதமானது. ஒரு பாட்டில் குரலை மறந்துவிட்டு அந்தக் கீழ்த்துடிப்பை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். 'க்ராஸஸ்' என்ற பாட்டு இதற்கு ஏற்றது. மூன்று நிமிடத்துக்குள்ளாக அந்த பங்க் இளைஞன் எங்கே போனான் என்பது விளங்கிவிடும். அவன் எங்கும் போகவில்லை. ஒலியைத் தணித்துக்கொண்டான், அவ்வளவே. வேகம் அங்கேயே இருக்கிறது, கோபமும் இருக்கிறது. இரண்டும் ஒரு கட்டைவிரலின் கட்டுக்குள் இருக்கின்றன.

இங்கேதான் நமக்கும் இன்றைய இசைச்சந்தைக்கும் உள்ள பிணக்கு. ஸ்பாட்டிஃபை முதலான செயலிகளில் 'அமைதி', 'படிக்கும் நேரம்', 'ஆழ்ந்த உறக்கம்', 'மழைக்கால மாலை' என்றெல்லாம் பட்டியல்கள் உண்டு. கொன்சாலெஸின் பாடல்கள் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன, தொகுப்பிலிருந்து பிய்க்கப்பட்டு, முன்னும் பின்னும் யார் யாரோ பாட. மனதுக்கு இதமான இசை என்பதில் நமக்கு மறுப்பில்லை; இதம் கேவலமான பொருளுமன்று. தந்தையை இழந்தவனுக்கு ஆறு மாதம் உறக்கம் தந்த ஒன்றை நாம் எப்படி இழித்துரைப்போம்? ஆனால் இதத்துக்காக மட்டுமே ஒரு கலைஞனை வைத்துக்கொள்வது, அவன் பேசுகையில் அவன் குரலின் இனிமையைப் பாராட்டிவிட்டுச் சொன்னதைக் காதில் வாங்காமல் போவதற்கு ஒப்பாகும். அந்தத் தலைப்பையே பாருங்கள். வெனீர் என்றால் தச்சர்கள் மலிவான பலகைமேல் ஒட்டும் மெல்லிய மரத்தகடு. வழவழப்பாகவும் ரேகைகளோடும் பார்க்க அழகாகவும் இருக்கும். கீழே இருப்பது வேறு. தன் முதல் தொகுப்புக்கு ஒருவர் இப்படிப் பெயர் வைக்கிறார் என்றால், மேற்பரப்பை நம்பாதீர்கள் என்று அட்டையிலேயே எழுதிவைத்திருக்கிறார் என்றுதான் நாம் கொள்கிறோம். அந்த அட்டையை நாம் ஆறு மாதம் படிக்கவில்லை.

2007இல் வந்த இரண்டாம் தொகுப்பு 'இன் அவர் நேச்சர்'. ரிச்சர்ட் டாக்கின்ஸையும் அறவியலாளர் பீட்டர் சிங்கரையும் படித்த பாதிப்பில் உருவானதென்று பாடகரே சொல்லியிருக்கிறார். கேள்விகள் இங்கே வெளிப்படையாகவே வந்துவிடுகின்றன. மனிதனுக்குள் எஞ்சியிருக்கும் விலங்கு, அவன் கட்டிய மதம், அன்பின் பெயரால் செய்யும் கொலை. 'ஏப்ரம்' என்றொரு பாட்டு மூன்று பெருமதங்கள் தம் மூதாதையாகக் கொண்டாடும் ஆபிரகாமையே முன்னிறுத்திப் பேசுகிறது. உறக்கப் பட்டியலில் இதைச் சேர்த்தவர் யாரோ, அவர் வாழ்க! ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இத்தொகுப்பில் சில இடங்களில் பாடகருக்குள்ளிருந்து பிரசங்கி எட்டிப் பார்க்கிறார். கருத்து முன்னே நடக்க, படிமம் பின்தங்கிவிடுகிறது. வானம்பாடிக் கவிதைகளில் நாம் கண்டு அலுத்த குறைதான் இது. ஆயினும் தொகுப்பின் இறுதியில் எட்டு நிமிடம் நீளும் 'சைக்ளிங் ட்ரிவியாலிட்டீஸ்' அந்தக் குறையையெல்லாம் கரைத்துவிடுகிறது. அதில் சொற்கள் சீக்கிரமே ஓய்ந்துவிடுகின்றன. கிட்டார் மட்டும் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று சிறிதே பிசகி. நீண்டநாள் துக்கம் காத்தவர்களுக்கு அந்த வட்டம் பழக்கமானது.

கவிஞரான நண்பர் ஒருவரிடம் இந்த இரண்டு தொகுப்புகளையும் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து அவர் சொன்னது: "எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்கிறதே." குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. அதே கருவி, அதே குரலளவு, ஏறத்தாழ அதே வேகம். குரலுக்கு வீச்சும் குறைவு. உச்சத்துக்கு ஏறி நம்மை உலுக்கும் தருணம் ஒன்றுகூட வருவதில்லை. சுசீலாவின் குரலில் பழகிய காதுக்கு இது முதலில் ஏழ்மையாகவே படும். நமக்கும் பட்டது. நண்பரிடம் நாம் சொன்ன மறுமொழி இவ்வளவுதான்: குறுந்தொகையில் 400க்குச் சற்று மேற்பட்ட பாடல்கள், ஏறக்குறைய எல்லாமே நான்கு முதல் எட்டு அடிக்குள், திரும்பத் திரும்ப அதே தலைவி, அதே தோழி, அதே பிரிவு. முதன்முறை படிக்கும் மாணவர்களும் இதே புகாரைத்தான் சொல்கிறார்கள். இரண்டாம் பருவத்தில் அந்தப் புகார் தானாகவே மறைகிறது. நண்பர் இதை ஏற்கவில்லை. ஒப்பீடு சற்று மிகைதான் என்பதை இங்கே நாமும் ஒத்துக்கொள்கிறோம். ஒரு தனிமனிதரின் பாடல்களைத் தொகைநூலோடு வைப்பது முறையன்று. ஆனால் குறைவான பொருள்களுக்குள் நின்றுகொண்டு வேற்றுமை காட்டுவது ஒரு கலை என்பதை விட்டுக்கொடுக்க மாட்டோம்.

மூன்றாம் தனித்தொகுப்புக்கு எட்டாண்டுகள் ஆயின. இடையில் 'ஜுனிப்' என்ற தம் குழுவோடு 2010இலும் 2013இலும் இரு தொகுப்புகள் தந்தார். 2015இல் வந்த 'வெஸ்டிஜஸ் அண்ட் க்ளாஸ்' முழுவதும் அவருடைய சொந்தப் பாடல்கள். பிறர் பாட்டு ஒன்றும் இல்லை. கோபம் தணிந்து, மனித இனத்தை வெகுதூரத்திலிருந்து நோக்கும் ஒரு பார்வை அதில் உண்டு. சரங்களும் காற்றுக்கருவிகளும் புடைசூழ 'த ஸ்ட்ரிங் தியரி' என்ற இசைக்குழுவோடு அவர் பாடிய மேடைப்பதிவும் 2019இல் வெளியானது. அதைச் சிலாகிப்பவர்கள் உண்டு. நமக்கு அது, நல்ல சிறுகதை ஒன்றை நாவலாக விரித்துத் தந்ததுபோல் இருந்தது.

நம்மை மிகவும் தொட்டது 2021இல் வந்த 'லோக்கல் வேல்லி'. பாடுவதற்கு அவர் அதுவரை தேர்ந்த மொழி ஆங்கிலம். வீட்டில் ஸ்பானியம், தெருவில் ஸ்வீடியம், பாட்டில் ஆங்கிலம் என்று மூன்றாகப் பிரிந்திருந்த ஒரு வாழ்க்கை. இத்தொகுப்பின் முதல் பாட்டான 'எல் இன்வென்ட்டோ' அவர் ஸ்பானியத்தில் எழுதி வெளியிட்ட முதல் பாட்டு. அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தூண்டுதலாக அமைந்தது மகளின் பிறப்பு. குழந்தையோடு தினமும் ஸ்பானியம் பேசப் பேச, அம்மொழி பாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தன் பெற்றோரிடமிருந்து வாங்கிய மொழியை மகளுக்குக் கைமாற்றிக் கொடுக்க வேண்டி வந்த வேளையில்தான் அதில் பாடவும் வாய்த்திருக்கிறது. அதே தொகுப்பில் ஸ்வீடிய மொழியிலும் பாடுகிறார். அதுவும் ஈரானில் பிறந்து ஸ்வீடனில் வளர்ந்த பாடகி லாலே இயற்றிய பாட்டை! புலம்பெயர்ந்த வீட்டின் பிள்ளை, புலம்பெயர்ந்த இன்னொரு வீட்டின் பிள்ளை எழுதியதை, இருவரையும் ஏற்ற நாட்டின் மொழியில் பாடுகிறது. இதைக் கேட்கையில் ஐரோப்பிய நகரங்களில் வளர்ந்துவிட்ட ஈழத்து வீட்டுப் பிள்ளைகளின் நினைவு நமக்கு வராமல் இல்லை. அவர்களில் எத்தனை பேருக்குத் தமிழ் இப்படி நாற்பது வயதில், ஒரு குழந்தையின் வழியாகத் திரும்பி வருமோ?

'எல் இன்வென்ட்டோ'வில் நாம் கவனித்த இன்னொன்று. குரல் மாறியிருக்கிறது. ஆங்கிலப் பாடல்களில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வைப்பவர், ஸ்பானியத்தில் சொற்களைச் சற்றே ஒன்றன்மேல் ஒன்றாக விழவிடுகிறார். அம்மொழி நமக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டே பொருளறிந்தோம். வாழ்வு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்னும் வினவல்தான் பொருள். அதே உயிர்வேதியியல் மாணவர். அதே பழைய கேள்விகள். ஆனால் இம்முறை எதிரே ஒரு குழந்தை அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது குரலில் தெரிகிறது. 'விஷன்ஸ்' என்ற அடுத்த பாட்டில் பறவைகளின் ஒலியும் கலந்திருக்கிறது. கருவிகளைச் சேர்ப்பதில் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டியவர் பறவைகளை உள்ளே விட்டிருக்கிறார். வேறு சில பாடல்களில் இயந்திரத் தாளமும் உண்டு. அவை நமக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 'வெனீர்' தொகுப்பிலிருந்தே தொடங்கலாம். பட்டியல்களின் வழியாக அல்ல, முழுத்தொகுப்பாக, அவர் வைத்த வரிசையில். பகலில் கேளுங்கள். கையில் வேலை எதுவும் வேண்டாம். ஒருமுறை குரலோடு போங்கள், மறுமுறை கட்டைவிரலோடு போங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுமேல்தான் ஆகும். நம் கருத்தரங்குகளில் வாழ்த்துரைகளுக்கே அதைவிட நேரம் பிடிக்கிறது.

இதை எழுதி முடிக்கும் தறுவாயில், தொகுப்பை அனுப்பிய அந்த மாணவரைத் தொலைபேசியில் அழைத்தோம். இப்போது அவர் ஓசூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் இரவுப்பணியில் இருக்கிறார். தமிழ் முதுகலை அவருக்கு வேறு வேலை எதையும் தரவில்லை. நலம் விசாரித்த பிறகு, "தம்பி, கடைசிப் பாட்டில் ஒரு ட்ரம்பெட் வருமே, கேட்டிருக்கிறாயா?" என்று வினவினோம்.

சற்று நேரம் பதிலில்லை.

"ட்ரம்பெட்டா ஐயா? அதுவரைக்கும் நான் முழித்திருந்ததே இல்லையே."